மூன்றாவது வரி யாரிடம்?

போன் அலறியது!

இன்ஸ்பெக்டர் ஹரிநாராயணன் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். இன்னொரு கண் இன்னும் லீவில் இருந்தது.

காலை மணி ஏழு பத்து.

"சார்... ஷாஹிர் பேசறேன். ஸ்டேஷன்ல இருந்து..."

"கான்ஸ்டபிள் ஸ்டேஷன்லேந்து பேசாம சந்திரன்லேந்தா பேசுவான்? விஷயத்தைச் சொல்லுடா."

"ஜூ டவுன் யூதத் தெரு பின்னாடி, பழைய ஏலக்கா கிடங்கு படகு ஜெட்டியில ஒரு பாடி, சார்!"

ஹரிநாராயணன் பெருமூச்சு விட்டார். லீவு கேட்டு மூன்று முறை எழுதியாயிற்று. மூன்று முறையும் 'பிறகு பார்க்கலாம்'. முழங்கால் வலிக்கும் இருபத்தெட்டு வருஷ போலீஸ் வேலைக்கும் வயது ஒன்றுதான். இரண்டையும் தூக்கிக்கொண்டு கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

"யாருடா?"

"நம்ம யூசுப் இக்கா, சார்... ப்ளூஸ் யூசுப்!"

இரண்டாவது கண்ணும் திறந்துகொண்டது.

கொச்சி மட்டாஞ்சேரியில், 'இக்கா' என்று எல்லாரும் அண்ணன் முறை சொல்லி அழைத்த யூசுப்பைத் தெரியாதவர் கிடையாது. அறுபத்து மூன்று வயது. இளமையில் கப்பலேறி அமெரிக்கா போனவர். சிகாகோவில் ஒரு கிளப்பில் பதினோரு வருஷம் தட்டு கழுவினார். சமையலறைக் கதவு வழியாக வந்த ப்ளூஸைக் கேட்டுக் கேட்டே கிதார் பழகினார். அடிமைகளாக விற்கப்பட்ட கறுப்பு ஜனங்களின் பேரப்பிள்ளைகள் பாடிய பாட்டு அது. வலியை வைத்தே வேடிக்கை பண்ணும் பாட்டு.

ஊர் திரும்பி, அதைத் தமிழில் பாட ஆரம்பித்தார்.

'தமிழில் ப்ளூஸா?' என்று சிரித்த டூரிஸ்ட்டுகள்கூடப் பாட்டு முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் எழுந்து போனார்கள்.

அந்த யூசுப் இப்போது ஜெட்டியின் பாசிப் படியில் ஈர லுங்கியோடு கிடந்தார். பின்மண்டையில் ஒரு காயம். மேல்படியில் அவருடைய கிதார். அதன்மேல் அவர் விரலில் மாட்டி வாசிக்கும் கண்ணாடிக் குழாய். அதன் அடியில்... ஒரு காகிதம்!

ஷாஹிர் அதை நீட்டினான்.

*கடல் என்னைக் கூப்பிடுது... காலம்பற கூப்பிடுது...*
*கடல் என்னைக் கூப்பிடுது... காலம்பற கூப்பிடுது...*

"தற்கொலை சார்! ரெண்டு தடவ எழுதியிருக்காரு. அவ்வளவு உறுதி!"

"மூணு தடவை எழுதியிருந்தா ஆளையே அடக்கம் பண்ணிட்டு வந்திருப்பே போல. கிதாரை யாரெல்லாம் தொட்டேள்?"

"நான் சார்... அப்புறம் மீன்காரங்க ரெண்டு பேரு... ஒரு ஆட்டோக்காரரு..."

"போறும். கைரேகைக்கு ஒரு கும்பிடு!"

கிடங்கின் பின்வாசலில் ஒருவர் வெள்ளைக் கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டு நின்றார். பிச்சுமணி. ஐம்பத்தைந்து வயது. நெற்றியில் சந்தனம், மடிப்புக் கலையாத வேட்டி. அந்தக் கிடங்கில் பழம்பொருள் கடையும் கஃபேயும் நடத்துகிறவர். யூசுப் தினமும் மாலையில் பாடியது அந்தக் கஃபேயில்தான். ஹரிநாராயணனைப் போலவே பாலக்காட்டு வம்சம்.

"ஹரி சார்... என்னத்தைச் சொல்ல! ஒரு மாசமா ஆளு ஒரு மாதிரியாக்கும் இருந்தார். 'போறும் பிச்சு, போறும்'னு சொல்லிண்டே இருந்தார்..."

"நீர் எத்தனை மணிக்கு வந்தீர், ஓய்?"

"ஏழுக்கு. கடையைத் திறந்தேன்... பின்னாடி கிதார் மட்டும் இருக்கு. ஆளைக் காணலை! எட்டிப் பார்த்தா... ஐயோ!"

"நீரும் பாடறது, வாசிக்கறது ஏதாவது உண்டோ?"

"நானா? ச எங்கே ப எங்கேன்னு தெரியாது, சார். சாயா ஆத்தற சத்தம் ஒண்ணுதான் எனக்குத் தெரிஞ்ச சங்கீதம்!"

ஹரிநாராயணன் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார். தற்கொலை என்றால் நாலு கையெழுத்து, ஒரு குளியல், ஒரு தூக்கம். கொலை என்றால்...

அவர் தற்கொலையாக இருக்கட்டும் என்றே ஆசைப்பட்டார். அதற்காகக் கொஞ்சம் வெட்கமும் பட்டார்.

* * *

பதினொன்றரைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்தது. நுரையீரலில் தண்ணீர். மண்டைக் காயம் கீழே விழும்போது படியில் மோதியும் வந்திருக்கலாம். யாராவது தள்ளியும் வந்திருக்கலாம்.

"லாம்... லாம்... லாம்! டாக்டருக்கு என்ன, சொல்லிட்டுச் சாப்பிடப் போயிடுவார்" என்று முனகிக்கொண்டே, கிதாரை எடுத்துக்கொண்டு யூசுப்பின் வீட்டுக்குப் போனார்.

சந்து முழுக்க மீன் வாசனை. வீட்டுக்குள்ளே பெண்கள் கூட்டம். யூசுப்பின் மனைவி சுல்ஃபத் அடுப்படி வாசலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அவளுக்குப் பின்னால் ஒரு தட்டில் மசாலா தடவிய மத்தி மீன். இரண்டு பேருக்கு.

"சாரே... அவரா போய்ச் சேந்துட்டாருன்னு ஊரு சொல்லுது. தற்கொலை எங்கள்ல பெரும்பாவம். பள்ளிவாசல் ஆளுங்க வாயால கேக்கல. கண்ணால கேக்குறாங்க..."

"அம்மா..."

"அஸர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். அதுக்குள்ள ஒரு வார்த்தை... அவரா போகலன்னு ஒரே ஒரு வார்த்தை உங்க வாயால வரணும். வேற ஒண்ணும் வேணாம் எனக்கு."

அஸர் என்றால் நாலு மணிக்குள். ஹரிநாராயணன் கடிகாரத்தைப் பார்க்காமலே கணக்குப் போட்டார்.

"காகிதம் ஒண்ணு இருக்கேம்மா. கடல் கூப்பிடறதுன்னு எழுதி வெச்சிருக்கார்."

"கப்பல்ல போன மனுசனைக் கடல் கூப்பிடாம பின்ன? தினமும்தான் கூப்பிடும்! ஆனா விடியக்கால சுபுஹ் தொழுதுட்டுப் போறப்ப, 'பத்து மணிக்கு வந்துருவேன், மத்தி வாங்கி வை'ன்னாரு. சாகப் போறவன் மீனுக்குச் சொல்லிட்டுப் போவானா, சாரே?"

போலீஸ் ஃபைலில் மத்தி மீனைச் சாட்சியாகச் சேர்க்க வழி இல்லை.

"அவரு பச்சை நோட்டு எங்க? பாட்டு எழுதற நோட்டு. ஒரு வாரமா காணோம்னு தேடிக்கிட்டிருந்தாரு. கிடைச்சுதா?"

"இல்லையே... கிதார் மட்டும்தான்."

சுல்ஃபத் கிதாரை மடியில் வாங்கிக்கொண்டாள். குழந்தையைத் தடவுவது மாதிரிக் கட்டை விரலால் கம்பிகளைத் தடவினாள்.

சட்டென்று நிமிர்ந்தாள்!

"இதை யாரு தொட்டது?"

"ஏன்?"

"இவரு கிதாரு... சும்மா விரலோட்டினாலே ஆறு கம்பியும் ஒரே குரலா பாடும். இது ஆறு பேரும் ஆறு பேச்சு பேசுது!"

"கடல் காத்து, அம்மா. சுருதி இறங்கியிருக்கும்."

"இறங்கியிருந்தா கரகரங்கும். இது சுத்தமா இருக்கு, சாரே. ரொம்பச் சுத்தம். ஆனா... அவருது இல்ல."

ஹரிநாராயணனுக்குத் தன் வீடு நினைவுக்கு வந்தது.

வீட்டில் அவர் மனைவி நீலாம்பாள் வீணை டீச்சர். எந்த வீட்டுக்குப் போனாலும் அங்கே வீணை ஒன்று சுருதி விலகிக் கிடந்தால், தண்ணீர் குடிப்பதற்கு முன்னால் அதைச் சேர்த்துவிட்டுத்தான் உட்காருவாள். 'ஏண்டி, நம்ம வீணையா அது?' என்றால், 'கை கேட்கமாட்டேங்கறது' என்பாள்.

கை கேட்காத யாரோ ஒருவன் இன்று காலை அந்த ஜெட்டியில் இருந்திருக்கிறான்!

* * *

"அனில்தான், சார்!" ஜீப்பில் ஷாஹிர் குதித்தான். "யூசுப் இக்காவோட கூட வாசிக்கிற பையன். கலூர்ல வீடு. கிதார் தெரிஞ்ச ஆளு அவன் ஒருத்தன்தான். தூக்கிருவோமா?"

தூக்க வேண்டிய அவசியமே வரவில்லை. அனில் ஸ்டேஷன் வாசலில் ஏற்கனவே நின்றுகொண்டிருந்தான். முப்பது வயது. அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது.

ஹரிநாராயணன் கிதாரை நீட்டினார். அனில் ஒரு முறை மீட்டினான். முகம் மாறியது.

"யாரு சாரே மாத்தினது?"

"நீதானே?"

"நானா? இக்கா டியூனிங் வேற, சாரே. கண்ணாடிக் குழாயால இழைச்சு வாசிக்க அப்படித்தான் வெக்கணும். இதைப் போய் எல்லாரும் வெக்கிற மாதிரி மாத்தி வெச்சிருக்காங்க. இக்கா இருந்தா கையை ஒடிச்சிருப்பாரு! விஷயம் தெரிஞ்ச நான் எதுக்கு மாத்தணும்?"

ஹரிநாராயணன் நாற்காலியில் சாய்ந்தார். களைப்புக்கு நடுவே மூளை மட்டும் எழுந்து நடமாடத் தொடங்கியது.

"கேட்டியா ஷாஹிர்? ப்ளூஸ் தெரிஞ்சவன் இதைத் தொடமாட்டான். கிதாரே தெரியாதவனுக்கு இது வராது. அரைகுறையாக்கும் நம்ம ஆளு. 'ஐயோ, சுருதி தப்பா இருக்கே'ன்னு நினைச்சுத் திருத்தியிருக்கான்!"

பையிலிருந்து காகிதத்தை எடுத்து அனிலிடம் கொடுத்தார்.

"இதைப் படி."

அனில் படித்தான். குழப்பமாக நிமிர்ந்தான்.

"இது லெட்டர் இல்ல, சாரே. பாட்டு. அதுவும் பாதிப் பாட்டு."

"எந்தா?"

"ப்ளூஸ்ல முதல் வரி சொல்லுவோம். அதையே இன்னொரு தடவ சொல்லுவோம். மூணாவது வரியிலதான் பதில் வரும். முதல் ரெண்டும் அழும்... மூணாவது சிரிக்கும். இதுல மூணாவது எங்க?"

ஹரிநாராயணன் காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். கிழித்த அடையாளம் இல்லை. இரண்டு வரிக்குக் கீழே வெறும் வெள்ளை.

"பதில் சொல்லாம பாட்டை விட்டுட்டு எந்த ப்ளூஸ்காரனும் எழுந்து போக மாட்டான், சாரே."

மணி இரண்டு ஐந்து. அடக்கத்துக்கு இரண்டு மணி நேரம்கூட இல்லை.

"அரைகுறை யாருன்னு எனக்கு ஒரு ஊகம் உண்டு" என்று எழுந்தார். "ஆனா ஊகத்துக்கு விலங்கு மாட்ட முடியாது. அனில், இந்தக் கம்பியில ரெண்டை நல்லா தளர்த்தி விடு. காது கூசணும்!"

* * *

பிச்சுமணியின் கஃபேயில் ஈ காக்கை இல்லை. சுவரெல்லாம் விற்பனைக்கு வைத்த பழைய பெல்ஜியம் கண்ணாடிகள். ஒவ்வொன்றிலும் ஒரு களைத்த இன்ஸ்பெக்டர்.

"கேஸ் முடிஞ்சுது, ஓய். தற்கொலை! ஸ்டேட்மென்ட்ல ஒரு கையெழுத்துப் போடும்."

பிச்சுமணியின் தோள்கள் இறங்கின. "பாவம்... நல்ல மனுஷன்!"

"கிதார் இங்கேயே இருக்கட்டும். சாயங்காலம் அவாத்து மனுஷா வந்து வாங்கிப்பா."

கிதாரை நாற்காலியில் சாய்த்துவிட்டு, போகிற போக்கில் கம்பிகளை ஒரு இழுப்பு இழுத்தார்.

*ங்ர்ர்ர்ராங்ங்!*

பிச்சுமணியின் முகம் எலுமிச்சம்பழம் கடித்தது போல ஆயிற்று.

"நன்னா இருக்கே!" ஹரிநாராயணன் இன்னொரு முறை இழுத்தார். *ங்ர்ர்ராங்!* இன்னொரு முறை. பிச்சுமணியின் வலது கை மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டது.

அப்போது போன் அடித்தது. நீலாம்பாள்!

"ஒரு நிமிஷம் ஓய், ஆத்துலேந்து..." என்று அறையின் மறுகோடிக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். எதிரே ஆளுயரக் கண்ணாடி.

"சாப்பிட்டேளா?" என்றது போன்.

"இல்லை."

"காலம்பறவும் சாப்பிடலை. முழங்காலுக்குத் தைலம்?"

"இல்லை."

கண்ணாடியில் பிச்சுமணி கையெழுத்துப் போட்டார். பேனாவை வைத்தார். கிதாரைப் பார்த்தார். பார்வையைத் திருப்பிக்கொண்டார். மறுபடியும் பார்த்தார்.

"எப்போ வருவேள்?"

"தெரியலை, நீலா."

பிச்சுமணியின் கை நீண்டது... திருகாணியைத் தொட்டது... ஒரு கம்பி மெல்ல முனகியது. தலை ஒரு பக்கம் சாய்ந்தது. கண்கள் மூடின. இன்னொரு திருகாணி... இன்னொரு கம்பி...

"என்ன சத்தம் அங்கே? யாரோ சுருதி சேர்க்கறாளே! நன்னா சேர்க்கறா!"

"ஆமாம்டி. பிரமாதமா சேர்க்கறார். போனை வை... இங்கே ஒருத்தர் ஜெயிலுக்குப் போகணும்!"

பிச்சுமணி திடுக்கிட்டுக் கண் திறந்தார். அவருக்கு முன்னால் இன்ஸ்பெக்டர் நின்றார். கதவருகே ஷாஹிரும் அனிலும்.

"சும்மா... சும்மா முறுக்கிப் பார்த்தேன், சார்..."

"ச எங்கே ப எங்கேன்னு தெரியாதவர், காதாலயே ஆறு கம்பியும் சேர்த்தூட்டீரே! அனில்... பாரு."

அனில் மீட்டினான்.

"ஸ்டேஷன்ல நான் பாத்த அதே டியூனிங், சாரே. அச்சு அசல்!"

"யாருக்கு வேணும்னாலும் இந்த டியூனிங் வரும்!" பிச்சுமணி கத்தினார். "இதை வெச்சு என்னைப் பிடிப்பேளா?"

"இதை வெச்சு உம்ம கடையைச் சோதனை போடுவேன். ஷாஹிர்!"

ஏழே நிமிஷம். கடை அறையில், விலை ஒட்டாத ஒரு பழைய நகைப் பெட்டிக்குள்ளிருந்து ஷாஹிர் அதை எடுத்துவந்தான்.

ஒரு பச்சை நோட்டு!

பிச்சுமணி நாற்காலியில் பொத்தென்று விழுந்தார்.

"தேவராவில காலேஜ் படிக்கறச்சே நானும் கிதார் வாசிச்சேன், ஹரி சார். கை நன்னா வந்தது... பாட்டு எழுத வரலை. ஒரு வரிகூட வரலை! முப்பது வருஷம் மூடி வெச்சேன். இந்த மனுஷன் வந்து, என் கடையிலேயே உட்கார்ந்து, தினம் ஒண்ணு புதுசா..."

"மேல சொல்லும்."

"அவர் பாடினதை எடுத்து என் பேர்ல பம்பாய்க்கு அனுப்பினேன். ஒரு ரெக்கார்டு கம்பெனிக்காரா ஆடிப் போயிட்டா! இன்னும் ஆறு பாட்டு எழுதித் தாரும்னா. கடையில தினம் பாடறதை அனுப்பினா மாட்டிப்பேன், யாரும் கேட்காத பழசு இருக்கும்னு நோட்டைத் திருடினேன். திறந்து பார்த்தா..." அவர் குரல் கிறீச்சிட்டது. "பக்கத்துக்கு ஒரே வரி, சார்! ரெண்டு தடவை! நாற்பது பாட்டு... நாற்பதும் பாதி!"

"மூணாவது வரி இல்லை."

"ஒண்ணுலகூட இல்லை! இன்னிக்குக் காலம்பற ஆறு மணிக்கு ஜெட்டியில கேட்டேன். 'மூணாவது வரியை எல்லாம் எங்கே ஒளிச்சு வெச்சிருக்கீர்?'னு. சிரிச்சார், ஹரி சார்! 'அது என்கிட்ட இல்ல பிச்சு, எப்பவும் இருந்ததில்ல'ன்னு சொல்லிச் சிரிச்சார்! என்னைக் கேலி பண்றார்னு தோணித்து... தள்ளினேன்... படியில மண்டை மோதித் தண்ணிக்குள்ளே..."

"தூக்கிவிடலாமே!"

பிச்சுமணி தலையைக் குனிந்துகொண்டார்.

"இன்னிக்கு எழுதின காகிதம் கிடந்தது. கடல் கூப்பிடறதுன்னு இருந்தது. கிதாரை எடுத்து வெக்கறச்சே விரல் கம்பியை அழுத்தித்து... தப்பா கேட்டுது. கை... கை கேட்கலை, சார்."

"செரி. மூணாவது வரியை வேற எங்கேயும் தேடலையோ?"

"தேடாம? போன வாரம் அவர் ஆத்துக்குப் போறச்சே பின்னாடியே வாசல் வரைக்கும் போனேன். உள்ளே மீன் பொரிச்சிண்டிருந்தா. எனக்கு அந்த நாத்தம் ஆகாது. மூக்கைப் பொத்திண்டு திரும்பி வந்தூட்டேன்."

ஹரிநாராயணன் விலங்கை மாட்டினார். ஜெயித்த சந்தோஷம் வரவில்லை. சிரித்த ஒரு மனிதனைச் சிரித்ததற்காகவே தள்ளியிருக்கிறான்... நினைக்க நினைக்க உடம்பு இன்னும் அசந்தது.

* * *

மூன்றே முக்கால். ஜீப் சந்து முனையில் நின்றது. உள்ளே பிச்சுமணி, பக்கத்தில் ஷாஹிர்.

ஹரிநாராயணன் மட்டும் வீட்டுக்குள் போனார். கூடத்தில் வெள்ளைத் துணிக்குள் யூசுப். பள்ளிவாசல் ஆட்கள் விலகி வழிவிட்டார்கள்.

அவர் எல்லோருக்கும் கேட்கும்படி உரக்கச் சொன்னார்:

"யூசுப் தானா போகலை. கொலை. கொன்னவன் ஒத்துண்டாச்சு!"

அடுப்படி வாசலிலிருந்து முதல் முறையாக சுல்ஃபத்தின் அழுகை எழுந்தது. மற்றவர்கள் யூசுப்பின் பெயரைச் சொல்லிப் பிரார்த்தித்தார்கள், இந்த முறை தயக்கம் இல்லாமல்.

அழுகை அடங்கட்டும் என்று காத்திருந்து, காகிதத்தை எடுத்தார்.

"இது லெட்டர் இல்லையாம்மா. அவர் கடைசிப் பாட்டு. முடிக்கலை. உங்ககிட்ட படிச்சுக் காட்டணும்னு தோணித்து."

படித்தார். சுருதி இல்லை, தாளம் இல்லை, போலீஸ்காரக் குரல்.

"கடல் என்னைக் கூப்பிடுது... காலம்பற கூப்பிடுது... கடல் என்னைக் கூப்பிடுது... காலம்பற கூப்பிடுது..."

"போ கடலே, நேரமில்ல... வீட்டுல மத்தி பொரியுது!"

சொல்லி முடித்த பிறகுதான் சுல்ஃபத்துக்கே தெரிந்தது, தான் சொன்னது!

ஹரிநாராயணன் காகிதத்தைத் தாழ்த்தினார்.

"அம்மா... என்ன சொன்னேள்?"

"அது... பழக்கம், சாரே." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "முப்பது வருசமா இப்படித்தான். தினமும் பத்து மணிக்கு ஒரே வரிய ரெண்டு தடவ பாடிக்கிட்டே உள்ள வருவாரு. நான் மீனைத் திருப்பிப் போட்டுக்கிட்டே ஏதாவது ஏட்டிக்குப் போட்டியா சொல்லுவேன். விழுந்து விழுந்து சிரிப்பாரு. சாயங்காலம் அதையே பாட்டுல வெச்சுப் பாடுவாரு."

"எல்லாப் பாட்டுக்குமா?"

"எல்லாத்துக்கும்தான். அவரு அதை எழுதி வெக்கவே மாட்டாரு. 'உன் வரி உன் வாயிலயே இருக்கட்டும், அதுக்காகவாச்சும் நான் வீட்டுக்கு வரணுமே'ம்பாரு..."

இருபத்தெட்டு வருஷத்தில் சாவு வீட்டில் ஹரிநாராயணன் கண் கலங்கியது அதுதான் முதல் தடவை. மறைக்கவும் இல்லை. பாதிப் பாட்டு எழுதிய அன்றெல்லாம் அந்த மனிதர் வீட்டுக்கு வரத்தான் புறப்பட்டிருக்கிறார். இன்றைக்கும்தான்.

பச்சை நோட்டை அவள் மடியில் வைத்தார்.

"நாற்பது பாட்டு, அம்மா. நாற்பதும் பாதி. மீதி உங்களோடதாக்கும். இனிமே இதுல உங்க பேரும் இருக்கணும். அனில் கூட இருப்பான்."

பள்ளிவாசலில் அஸர் பாங்கு ஒலித்தது. ஹரிநாராயணன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினார்.

ஜீப்பில் பிச்சுமணி, விலங்கு மாட்டிய இரண்டு கையாலும் கைக்குட்டையை மூக்கில் அழுத்திக்கொண்டிருந்தார். சந்தில் யார் வீட்டிலோ மீன் பொரிகிற வாசனை.

"ஹரி சார்... மூணாவது வரி கிடைச்சுதா? யார்கிட்ட இருந்தது?"

ஹரிநாராயணன் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்திவிட்டு, கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்:

"அடுப்படியில, ஓய்! வாசல் வரைக்கும் போனீர்... மூக்கைப் பொத்திண்டீர்... அது செரி. காதை எதுக்குப் பொத்திண்டீர்?"